முந்திக்கொண்டு வரும் விடை

ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைத் தாளில் கட்டம் போட்டு, பேனாவால்தான் நிரப்புவேன். அதன் குறிப்புகள் எதையும் நேராகக் கேட்காது. வார்த்தையை வெட்டி ஒட்டி ஒளித்து வைத்திருக்கும். அதைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதுதான் சுகம். அந்தச் சுகம் என் கணவருக்கு ஆகவே ஆகாது. சட்டை பட்டனைப் போட்டபடி எட்டிப் பார்ப்பார், பட்டென்று விடையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். "உங்கள யாரு கேட்டா? கம்முனு இருங்களேன்" என்று நான் கத்தாத ஞாயிறு எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் இருந்ததில்லை.

"தெரிஞ்சத இன்னா பண்றது, முழுங்கவா?" என்பார். எரிச்சலாக வரும்.

வேலை பார்க்கும் மேல்விஷாரம் டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓடும் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே அவர் தொண்டையில் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்ததும், "கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது" என்றார் டாக்டர். குரல் பழையபடி வருமா என்று கேட்டேன்.

"பேச ஆரம்பிச்சாதாம்மா தெரியும்."

அதற்கடுத்த ஞாயிறுதான் முதல்முறையாக ஒரு புதிரை முழுக்க நானே முடித்தேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது இதற்குத்தானா என்றிருந்தது. அன்றும் எட்டிப் பார்த்தார். விடை தெரிந்துவிட்டது என்று முகமே சொன்னது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

பேசலாம் என்று டாக்டர் சொன்ன ஞாயிறும் வந்தது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டல். பயம். எனக்கும் பயம்தான், அதற்காக எவ்வளவு நேரம் பொறுப்பது? புதிரோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு குறிப்பை மட்டும் வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டிருந்தேன். சத்தமாகப் படித்தேன்: "'வா' என்று தலையில்லாத ஏழையை அழைத்தால் குலை தள்ளும். ரெண்டு எழுத்து."

ஏழையின் முதல் எழுத்தை எடுத்தால் 'ழை'. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் நெற்றியைச் சுருக்கி, "பனையா இருக்குமோ?" என்று கட்டத்தில் 'ப' எழுதினேன். அவர் கால் ஆட ஆரம்பித்தது. பேனாவை அடுத்த கட்டத்தில் வைத்தேன்.

"வாழை."

கரகரவென்று, அடித்தொண்டையிலிருந்து. ஆனால் அவர் குரல்தான்.

"உங்கள யாரு கேட்டா?" என்றேன். அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டேன்.

அவர் பேனாவை வாங்கி என் 'ப'வை அடித்தார். "பனையாம்" என்றார்.