முப்பத்திநாலாம் நம்பர் புல்லு

ஊரே புல்லைப் பிடுங்கி எறியுற இடத்துல, புல்லை நட்டு, நம்பர் போட்டு, காவல் காக்குறதுதான் நம்ம பொழப்பு.

மேலூர்ப் பக்கம் ஒரு தீவனப் பண்ணை. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேத்து, ஒருதரம் நட்டா வருசக்கணக்கா வெட்ட வெட்டத் தழையுற புது ரகம் எடுக்குறோம். கோச்சடையிலருந்து ரெண்டு பஸ் மாறி வாரேன். இப்ப வெளிய புல்லுக்கட்டு எடை போடுறாங்க. அடுத்த கட்டு வர்றதுக்குள்ள இதை டைப் பண்றேன். இதே மாதிரி வேலையில மாட்டிக்கிட்ட மக்களே, உங்களுக்குத்தான் புரியும்.

முக்காடு

நேப்பியர் பனிக்காலத்துலதான் பூக்கும். அந்த நேரத்துக்குக் கம்பும் பூக்கணுமேன்னு, கம்பை வாரம் விட்டு வாரம் விதைச்சுக்கிட்டே இருப்போம். கதிர் வந்ததும் பேப்பர் உறையை மாட்டி, காலையில உறையைத் தூக்கி, நேப்பியர் பூந்தூளைத் தட்டி, திரும்ப மூடணும். அதுக்குள்ள காத்தடிச்சா போச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நான் தட்டிக்கிட்டு இருக்கேன், வேலிக்கு அந்தப்பக்கம் பாண்டியம்மாக்கா. பக்கத்து வயக்காரங்க, ரெண்டு கறவை மாடு வச்சிருக்காங்க. ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேட்டாங்க: "ஏன் தம்பி, இம்புட்டுக் கதிருக்கும் முக்காடு போட்டிருக்கியே, குருவிக்குப் பயந்தா, ஊர்க்கண்ணுக்குப் பயந்தா?"

பாய்லர்காரர்

அப்படிப் பொறந்ததுல ஒண்ணுதான் முப்பத்திநாலு. ஐயோ, நீங்க பாத்திருக்கணும்! ஆள் உசரத்துக்கு மேல, தூரெல்லாம் செவப்பு, இலையில கையை அறுக்குற சொனையே கிடையாது. வெறுங்கையால அறுக்கலாம்! ஒரே சிக்கல், இந்த ஒட்டு விதை வைக்காது. தண்டை வெட்டிக் கரணையா நட்டாத்தான் உண்டு. உலகத்துக்கே ஒரே குத்துப் புல்லு, எங்க மோட்டார் ரூம் ஓரத்து ஒட்டுப் பாத்தியில. ரகம் எடுக்குற எங்க சார், தினமும் அதைப் பாத்துட்டுத்தான் ஆபீசுக்குள்ளயே போவாரு.

ஒருநாள் ஒரு மில்லுக்காரர், புல்லைக் காயவச்சு பாய்லர்ல எரிக்கலாமான்னு விசாரிக்க வந்தாரு. அவருக்கு இலை கம்மியா, தண்டு தடியா வேணுமாம். "அதுக்குத் தனியா ரகம் எடுத்துருவோம் சார்!"னு நான் சூடு, சாம்பல்னு அளந்துக்கிட்டே போறேன். குழாய்ல தண்ணி பிடிக்க வந்த பாண்டியம்மாக்கா மூஞ்சி சுருங்கிப் போச்சு: "எரிக்கவா? இந்தப் பேச்சை எங்க மாட்டுக் காதுபடப் பேசிராத தம்பி, பாலு சுண்டிப்போகும்."

சும்மா செஞ்ச உதவி

முப்பத்திநாலை அடுத்த வாரம் கரணை வெட்டி நடுறதா இருந்தோம். அதுக்காகப் பக்கத்துத் தரிசை உழுது வைக்கச் சொல்லி டிராக்டர் சேகரண்ணன்கிட்ட சொல்லிட்டு, நானும் சாரும் பரவையில ஒரு பால்காரங்க கூட்டத்துக்குப் போயிட்டோம். திரும்பி வந்தா, தரிசும் உழுதிருக்கு, எங்க ஒட்டுப் பாத்தியும் உழுதிருக்கு. மோட்டார் ரூம் ஓரம் மொட்டையா நிக்குது. தூரையெல்லாம் பெறக்கி, வேலிமுள்ளோட குமிச்சுக் கொளுத்தியும் விட்டாச்சு. சாம்பல்ல இன்னும் புகை வருது.

சார் வரப்புல உக்காந்தவர் எந்திரிக்கவே இல்ல. சேகரண்ணன் துண்டை உதறிக்கிட்டு, வாயெல்லாம் பல்லா வாராரு: "புல்லு மண்டிக் கிடந்துச்சு மாப்ள, பாக்கச் சகிக்கல. இதுக்குக் காசெல்லாம் வேணாம், உனக்காகச் செஞ்சது."

வேலிக்கு அந்தப்பக்கம்

அப்புறமும் சார் தினமும் அந்த வெறும் இடத்தைப் பாத்துட்டுத்தான் உள்ள போனாரு. அதைப் பாத்துக்கிட்டே இருந்த பாண்டியம்மாக்கா ஒருநாள் என்னைய வேலிக்குக் கூப்பிட்டாங்க. "தம்பி, திட்டக்கூடாது"ன்னு சொல்லி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்க. வாய்க்கா ஓரத்துல வரிசையா புல்லு. செவப்புத் தூரு! இலையைத் தடவுனா சொனையே இல்ல! போன மழைக்கே எங்க பாத்தியில தண்டு ஒடிச்சிட்டுப் போயி நட்டிருக்காங்க. நான் போட்ட சத்தத்துல கன்னுக்குட்டி மிரண்டு கயித்தை அத்துக்கிச்சு.

சார் செருப்புகூடப் போடாம ஓடி வந்தாரு. ஒவ்வொரு தூரா குனிஞ்சு பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "ஏம்மா, அம்புட்டு வரிசையில இதை மட்டும் எப்படி எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுச் சொன்னாங்க: "எல்லாத்துலயும்தான் எடுத்தேன் சார். மத்ததெல்லாம் கையை அறுத்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

இப்பெல்லாம் புதுசா ஒரு நல்ல குத்து வந்துச்சுன்னா நான் செய்யுற முதல் வேலை, பாண்டியம்மாக்கா வர்ற நேரமாப் பாத்து வேலிக்கு முதுகைக் காட்டி நிக்கிறதுதான்.