ராஃபேல் ஆடிய முப்பத்து மூன்று

மலாயாவில் ராசா என்ற ஊரிலிருந்து கெர்லிங் போகும் சாலையில், டாமார் தோட்டத்துக்குப் பின்னால், வெள்ளைக்காரத் துரைமார்களுக்கென்று ஒரு கோல்ஃப் திடல் இருந்தது. ஒன்பது குழிகள்தான். மூன்று பக்கம் ரப்பர் மரங்கள், நாலாவது பக்கம் மேடாக எழும்பும் காடு. அந்தத் திடலின் புல்லுக்கு ராஃபேல்தான் பொறுப்பு. முதலில் துரைமார்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாகத்தான் இருந்தார். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்குப் பச்சை என்று பேர்; அது எங்கே பழுக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பார்வையிலேயே சொல்லிவிடுவார் என்பதால் புல் வெட்டும் மெஷினையும் அவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கிளப்பின் செயலாளர் மக்ரே துரை. ஸ்காட்லாந்துக்காரர். தோட்டத்துத் தமிழைக் கொச்சையாகப் பேசுவார். அவர் பிறந்த ஊரில் கடலோரமாக ஒரு திடல் உண்டாம். உலகத்திலேயே பழையது, நானூறு வருடத்துக்கும் மேலே ஆகிறது, அங்கே யாரும் புல் நட்டதில்லை, ஆடுகள் மேய்ந்து மேய்ந்து தானாக அமைந்த தரை என்று நடந்துகொண்டே சொல்லுவார். தைப்பிங் கிளப்புக்குக் கோலாலம்பூர் கிளப்பைவிட வயது அதிகம். அதற்கும் முன்னால் கல்கத்தா. பிரிட்டனை விட்டு வெளியே வந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது என்பார். கல்கத்தாவில் பையை யார் தூக்கினார்கள் என்று ராஃபேல் ஒருமுறை கேட்டார். துரை கொஞ்சம் யோசித்துவிட்டு, அதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை என்றார்.

நாற்பத்தெட்டில், காட்டுக்குள் போய்ச் சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. 1951-இல் சாலை வளைவில் ஒரு சின்னத் துரையைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரத்தோடு துரைமார்கள் திடலுக்கு ஆடவருவது நின்றது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் பிரித்து எடுத்து, இரண்டு மைல் தள்ளி ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காலையில் வாசல் திறக்கும்போது ஆணையும் பெண்ணையும் தனித்தனியாக நிறுத்திச் சோதனை செய்வார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள்.

திடலில் களை பிடுங்கிய நான்கு பெண்களையும் ரப்பர் வேலைக்கு மாற்றினார்கள். ராஃபேலுக்கு மட்டும் காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை பாஸ் கிடைத்தது. புல் சண்டை முடியும்வரை காத்திருக்காது, குழிகளைச் சுற்றி இருக்கிற ஒன்பது பச்சைகளையாவது உயிரோடு வைத்திரு என்று துரை கேட்டுக்கொண்டார்.

மனைவி மாடில்டாவுக்கு இது பிடிக்கவில்லை. காட்டோரத்தில் தனியாக நிற்கிற மனிதனை இந்தப் பக்கத்தாரும் சுடலாம், அந்தப் பக்கத்தாரும் சுடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். கோலா சிலாங்கூரில் அவள் அண்ணன் மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். மகள் ஜோனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் தாயும் மகளும் அங்கே போக லோரியில் ஏறினார்கள். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று ராஃபேல் சொன்னார். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் ஏழாவது பச்சையில் பூஞ்சை பிடித்தது. விட்டுவிட்டுப் போனால் ஒரே வாரத்தில் லாலான் புல் ஏறி மூடிவிடும். மாடில்டாவின் கடுதாசி முதலில் மாதம் ஒன்று வந்தது. பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் வந்தது. அதன் பிறகு வரவில்லை.

எட்டு மணி நேரமும் பேச ஆள் கிடையாது. பசித்தால் பம்பு வீட்டில் தண்ணீர் குடிப்பார். மெஷின் சத்தம் நின்றால் பூச்சிகளின் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் மாலையில் கம்பிவேலி வாசலில் காவல்காரன் பேர் கேட்கும்போது, அன்றைக்கு முதல்முறையாகத் தன் குரலைக் கேட்பார். அது வேறு யாருடைய குரலோ போல இருக்கும்.

துரைமார்களின் மட்டைகள் கிளப் அறையில் இருந்தன. துருப் பிடிக்காமல் எண்ணெய் போடுவதும் அவர் வேலைதான். ஒரு நாள் எண்ணெய் போட்ட மட்டை ஒன்றை வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். லாலானுக்குள் தொலைந்துபோன பந்துகள் அவரிடம் நிறைய இருந்தன. பிறகு தினமும் வேலை முடித்து, மூன்று மணியிலிருந்து ஆடினார். யாரும் பார்க்காத ஆட்டத்தில் ஏமாற்ற என்ன இருக்கிறது? ஆனாலும் ஓர் அடியைக்கூடக் குறைத்து எண்ணியதில்லை. பந்து புதருக்குள் போனால் தனக்குத்தானே தண்டனை அடி போட்டுக்கொண்டார்.

கிளப் அறையில் ஒரு மரப் பலகை தொங்கியது. ஒன்பது குழிக்கும் சேர்த்து முப்பத்தாறு அடியில் முடித்தாலே நல்ல ஆட்டக்காரன். 1936-இல் ஒரு துரை முப்பத்து நான்கில் முடித்ததாகத் தங்க எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் குறைந்து எவரும் ஆடியதில்லை.

1953 ஜூன் மாதக் கடைசிச் செவ்வாய். மாதம் ஒருமுறை அந்த நாளில்தான் மக்ரே துரை இரும்புத் தகடு அடித்த காரில், காவலோடு வந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவார். அன்று விடியும்போதே பெரிய மழை. துரை வரவில்லை. மதியம் வெயில் வந்ததும் ராஃபேல் நான்கு மட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மூன்றாவது குழியில் மூன்றே அடி. நாலாவதிலும் மூன்று. ஆறாவது முடிந்தபோது எண்ணிப் பார்த்தார்; பலகையைத் தாண்டலாம் போலிருந்தது. அதன் பிறகு எண்ணாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒன்பதாவது பச்சையில் பந்து குழியிலிருந்து பதினைந்து தப்படி தள்ளி நின்றது. எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியாதா, அந்தப் புல்லை வெட்டியதே அவர்தானே. மெதுவாகத் தட்டினார். பந்து வளைந்து போய் விழுந்தது. முப்பத்து மூன்று.

அவர் திரும்பிப் பார்த்தார். கொடிக்கம்பு நின்றது. கிளப் வராந்தாவில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்து, ஒவ்வொரு குழிக்கும் எதிரே பென்சிலால் எண்ணை எழுதினார். கீழே, கூடவே நடந்து அடிகளை எண்ணிய சாட்சி கையெழுத்துப் போடுகிற கோடு. அது இல்லாத சீட்டு செல்லாது. கையெழுத்து விட்டுப்போனதால் கோப்பையை இழந்த துரையின் பையை அவரே தூக்கியிருக்கிறார். கோட்டை வெறுமையாக விட்டுவிட்டு, சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

மறுவாரம் துரை வந்தார். கனடாவில் நாடுகளுக்கிடையே புதிதாக ஒரு போட்டி நடந்ததாம், நாட்டுக்கு இரண்டு பேராம். அர்ஜென்டினா ஜெயித்தது, அந்த இரண்டு பேரில் ஒருவர் கேடியாக இருந்தவராம் என்று சொல்லிச் சிரித்தார். ராஃபேலுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. மட்டைகளை எடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

துரை கோபப்படவில்லை. "யார் எண்ணினது?" என்று மட்டும் கேட்டார்.

"யாரும் இல்ல தொரை. நான்தான்."

"நான் நம்புறேன் ராஃபேல். ஆனா அது கணக்குல வராது."

காவல்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். கார் போய்விட்டது. ராஃபேல் அதன் பிறகும் ஆடினார். முப்பத்தாறுக்குக் கீழே ஒருமுறைகூட வரவில்லை. போகப் போக, அந்தச் செவ்வாய்க்கிழமை நிஜமாகவே நடந்ததா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஓர் அடியை விட்டு எண்ணியிருப்போமோ? எட்டாவது குழியில் நாலா, ஐந்தா? பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்ல நினைத்து, இதில் பாவம் எது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

1955 கடைசியில் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்து, காட்டிலிருந்து சிலர் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவன் சன்னாசி. டாமார் தோட்டத்தில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவன்; ஞாயிற்றுக்கிழமைகளில் ராஃபேலோடு சேர்ந்து கேடி வேலையும் பார்த்தவன். நாற்பத்தெட்டில் தொழிற்சங்கத்தைத் தடை செய்தபோது காட்டுக்குள் போய்விட்டான். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ராஃபேல் ராசா காப்பிக்கடைக்கு வந்தபோது, மூலை மேசையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேசைகள் காலியாகியிருந்தன. ராஃபேல் போய் எதிரே உட்கார்ந்தார்.

வெகுநேரம் காப்பியைப் பற்றியும் பல்வலியைப் பற்றியும் பேசினார்கள். பிறகு சன்னாசி குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒரு மழ நாளு நீங்க ஆடுனீங்க. கடைசி பந்து தூரத்திலேர்ந்து போய் விழுந்திச்சு. நீங்க பொத்துன்னு உக்காந்துட்டீங்க."

ராஃபேல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேட்டுல இருந்தோம். மூணு நாளா. தொரை காரு வரும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. காரு வரல, நீங்க வந்தீங்க. சும்மாதானே கிடந்தேன், எண்ண ஆரம்பிச்சேன். பழைய பழக்கம் லா. அந்தப் பந்து விழுந்ததும் கை தட்டப் போயிட்டேன். பக்கத்துல இருந்தவன் கைய அமுக்கிப் பிடிச்சான்."

"எத்தன எண்ணுன?" என்று ராஃபேல் கேட்டார்.

"முப்பது. ஆனா நாலாவது குழிய மரம் மறச்சிருச்சு. அங்க எத்தன?"

"மூணு."

"அப்ப முப்பத்து மூணு. போர்டுல இருக்கிறத விடக் கம்மி இல்ல?"

ராஃபேல் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு சாலையில் போகும் சைக்கிள்களைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தன் கையெழுத்துள்ள காகிதம் ராஃபேலின் வீட்டில் இருந்தால் இன்னும் ஆபத்துதான் என்று சன்னாசி எச்சரித்தான். ராஃபேல் பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் தமிழில் பெயரை எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, 'நாலாவது குழி நான் பார்க்கவில்லை' என்றும் எழுதினான்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு வாரம் தூக்கம் பிடிக்காமல் கிடந்தார். பிறகு மக்ரே துரையின் பங்களாவுக்கே போய்க் கொடுத்தார். சாட்சி எங்கே நின்றான் என்று துரை கேட்டார். ஆறாவது பச்சைக்குப் பின்னால், மேட்டில், காட்டுக்குள் என்று ராஃபேல் சொன்னார். யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துரையின் முகம் வெளுத்தது.

"அன்னிக்கு பாலத்து மேல தண்ணி போச்சு. இல்லாட்டி வந்திருப்பேன்" என்றார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலாவது குழி பாக்கலன்னு எழுதியிருக்கான்."

"ஆமா தொரை."

"இத போர்டுல எழுத முடியாது, ராஃபேல்."

"தெரியும் தொரை."

"அப்ப ஏன் கொண்டுவந்த?"

"நான் ஆடுனேனான்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. ஒருத்தன் பாத்திருக்கான். அத உங்ககிட்ட சொல்லணும்னு இருந்திச்சு."

துரை சீட்டைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை, ராஃபேலும் கேட்கவில்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் துரை கப்பலேறிப் போய்விட்டார். சீட்டு அவரோடு போனதா, பங்களா அடுப்பில் போனதா, தெரியாது. சன்னாசியும் ராசாவில் நிலைக்கவில்லை. அவனோடு பேசுகிறவர்களைப் போலீஸ் விசாரித்தது, ஜனங்கள் ஒதுங்கினார்கள். ஜொகூர் பக்கம் வேலை தேடிப் போகிறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான். பிறகு தகவல் இல்லை.

கிளப் மறுபடி திறந்தது. புதிய துரைமார்கள், புதிய கேடிகள், மோட்டார் பூட்டிய புல்வெட்டி. பச்சைகள் நன்றாக இருக்கின்றன என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். இத்தனை வருடம் தவித்துக் காத்திருந்த கூட்டம் இதுதானா என்று ராஃபேலுக்கு ஒரு மாதத்திலேயே அலுத்துவிட்டது. 1958-இல் கணக்கு முடித்துக்கொண்டு கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறினார்.

ஆற்றோரத்து வீட்டில் மாடில்டா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பதினாறு வயது ஜோன் எழுந்து நின்று, விருந்தாளிக்குச் சொல்வதைப்போல "உக்காருங்க" என்றாள். அவர்கள் கோபப்படுவார்கள் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில்களுக்கு வேலையே இல்லை. இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாவட்ட அலுவலகத்துப் புல் வெட்டும் வேலை கிடைத்தது. மட்டையை மறுபடி அவர் தொடவில்லை. அந்த ஊரில் யாரும் அந்த விளையாட்டைப் பற்றிப் பேசுவதும் இல்லை. பல மாதம் கழித்து ஒரு மத்தியானம், அங்கே தனியாக என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று மாடில்டா கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: மழையை, ஒன்பதாவது பச்சையை, சன்னாசியை, துரையின் சட்டைப்பையை. அவள் கை வேலையை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டாள்.

"காட்டுல இருந்தவன் சொன்னாத்தான் நம்புவீங்களாக்கும்" என்றாள். "எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். முப்பத்து மூணுன்னா நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீங்க சொன்னா நான் நம்பியிருப்பேன்."

 ஆய்ந்து வைத்த மீன் சட்டியை ராஃபேல் தூக்கிக்கொண்டு கழுவுவதற்குக் கிணற்றடிக்குப் போனார். அவள் பின்னாலேயே உப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.