மேலடுக்கு ஓயாத மனிதர்

செவ்வாய்க்கிழமை காலையில் வலக்கை ஆட்காட்டி விரலின் நகத்தை மட்டும் அவர் இரண்டு முறை வெட்டுவார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் அந்த விரலால் எதையும் தொடமாட்டார். பேருந்தில் கம்பியைக்கூட இடக்கையால்தான் பிடிப்பார். யாராவது உற்றுப் பார்த்தால், "கெடுத்துக்கக் கூடாது பாருங்க" என்பார்.

போகிற இடம் மூளை ஆராய்ச்சிக்கூடம். அங்கே அவர் டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. படுத்துக்கொள்ளச் சம்மதித்த ஆள். முப்பத்தோரு வருடம் செருப்புக் கடையில் குந்தி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் கால்களை மடியில் வைத்து அளவு பார்த்தவர். ஓய்வு பெற்றாயிற்று. மனைவி போய் நான்கு வருடம். வெளிநாட்டு மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வந்து சிரிப்பான். நல்ல பிள்ளைதான், ஆனால் திரைக்குக் கை கிடையாதே. மனுஷன் தனியாகக் கிடக்கிறார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். கடைசியாக இன்னொருவர் அவரைத் தொட்டது எப்போது என்று கேட்டால், "போன செவ்வாய்க்கிழமை" என்று பதில் வரும்.

கூடத்தில் இருப்பது காந்த ஸ்கேன் இயந்திரம், இரும்பு ஆகாது. பெல்ட், கண்ணாடி, சாவி எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டு, "பல்லு சொந்தப் பல்லு, கழட்ட வேண்டாம்" என்று வாராவாரம் அதே ஜோக்கை விடுவார். ஆராய்ச்சி மாணவியும் வாராவாரம் சிரிப்பாள். அவர் இயந்திரக் குழலுக்குள் போனதும் விளக்குகள் மாறி மாறி எரியும். பச்சை என்றால், நீளக் குச்சியில் கட்டிய தூரிகையால் அவள் விரல் நுனியை வருடுவாள். சில தடவை பச்சை எரிந்தும் தூரிகை வராது. நீலம் என்றால் ஓய்வு, எதுவுமே வராது.

எதற்கு இந்த வேலை என்று மாடி வீட்டுக்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"தொடறதை உணர்ற மூளைப்பட்டை நல்ல செருப்புத்தோல் கனம்தான் சார். அதுக்குள்ள ஆறு அடுக்கு. விரல்லேர்ந்து வர்ற சேதி நடு அடுக்குல இறங்கும். வரப்போகுதுன்னு காத்திருக்கறது மேலடுக்கு. தூரிகை வரலைன்னா நடு அடுக்கு கம்முனு கிடக்கும், மேலடுக்கு மட்டும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்."

மாடி வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் மோட்டார் போடப் போய்விட்டார்.

சிக்கல் ஆறாவது வாரம் வந்தது. நீல விளக்கிலும் அவருடைய மேலடுக்கு ஓயவில்லை. ஓய்வும் எதிர்பார்ப்பும் ஒரே மாதிரி பதிவானால் எதை எதோடு ஒப்பிடுவது? இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் இப்படியே இருந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நீலம் எரியும்போது எதிர்பார்க்காம இருங்க சார்."

"அது எப்படிம்மா இருக்கறது?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே வழி கேட்டார்.

அந்த வாரம் முழுக்க அதே பயிற்சி. வாசல் மணியை எதிர்பார்க்காமல் உட்கார்ந்து பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகன் திரையில் வந்ததும், "நீ கூப்பிடுவேன்னு நான் நினைக்கவே இல்லடா" என்று பெருமையாகச் சொன்னார். பையன் ஆடிப்போய்விட்டான். அவனைச் சமாதானப்படுத்தவே அரைமணி ஆயிற்று.

செவ்வாயன்று குழலுக்குள் நீலம் எரிந்தபோதெல்லாம், ஆறிலிருந்து பதினொன்று வரை செருப்பு அளவுகளை மனதுக்குள் ஒப்பித்தார். வெளியே வந்தபோது மாணவி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள். நீலத்தில் மேலடுக்கு போன வாரத்தைவிட அதிகமாக வேலை செய்திருக்கிறதாம். வருத்தப்பட்டாள். இனிமேல் வரவேண்டியதில்லை என்று சொல்லி, கையெழுத்துக்காக ஒரு படிவத்தை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படிவத்தை ஓரமாக நகர்த்தினார். வலக்கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.