புனிதா எழுதிய மூன்றாம் பக்கம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வசதியில்லாததை ஒரு முறை விட்டுவிட்டேன், அது போதும். புனிதாவை அறிந்த படிவம் ஐந்து மாணவிகளே, இது உங்களுக்காக.

திங்கட்கிழமை பள்ளிச் சபைகூடலில்தான் செய்தி வந்தது. முந்தின நாள் காலை புனிதா வீட்டிலேயே இறந்துவிட்டதாகத் தலைமையாசிரியை மலாய் மொழியில் அறிவித்தார். முன்வரிசைப் பெண் திரும்பி, "ஒன் கூட்டாளிதானே?" என்று கேட்டாள்.

நானும் அவளும் தினமும் பட்டர்வொர்த்திலிருந்து தீவிலுள்ள பள்ளிக்குப் பெர்ரிப் படகில் வருவோம். இறங்கியதும் நீளமான சரிவுப் பாதை. பாதி வழியில் புனிதா குனிந்து காலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவாள். "அவுந்துருச்சு லா." முதல் வாரம் நம்பினேன். இரண்டாம் வாரம், முடிச்சு இறுக்கமாகவே இருப்பதைப் பார்த்துவிட்டேன். பிறவியிலேயே அவள் இருதயத்தில் ஓட்டை. குனிந்தபடி மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். "யார்கிட்டயும் சொல்லாத. அப்புறம் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கிட்டுப் போவாங்க."

கீழ்த்தள நூலகத்துக்கு அவள்தான் மாணவப் பொறுப்பாளர். மாலை ஐந்து மணிக்குப் பின்வரிசையிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவாள். வாசிப்பு மேசை விளக்கை மட்டும் விட்டுவைத்து, "கடைசி வரிய முடிச்சிரு, நான் நிக்கிறேன்" என்பாள்.

அங்கேதான், ஒரு பழைய ஆங்கில இதழில் அந்தக் கட்டுரையைக் கண்டுபிடித்தாள். சினைச் செம்மறிகளை உயர்ந்த மலையில் வளர்த்தால், காற்று குறைந்த அந்த இடத்தில் குட்டியின் மூளையில் மரபணுக்கள் எப்படி வேலை செய்யும் என்பதைப் பற்றியது. ஒரு வாரம் அகராதியும் கையுமாக இருந்தாள். எங்களில் யாரும் செம்மறியை உயிரோடு பார்த்ததில்லை. அவள் அப்பா துறைமுகத்தில் உறைந்த இறைச்சிப் பெட்டிகளை இறக்குபவர். "அப்பா எறக்குற ஆட்டுக்குத் தலையே இல்லையாம். மூளைய மட்டும் அங்கேயே வச்சிக்கிறாங்க போல!" என்று சிரித்தாள்.

தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு அவள் எழுதுவாள், நான் பேசுவேன். நீளமாகப் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். இந்த முறை மூன்று பக்கங்கள். மரபணு என்பது உடம்புக்குள் இருக்கும் கட்டளை ஏடு, எல்லா ஏடுகளும் எல்லா நேரமும் வாசிக்கப்படுவதில்லை என்று தொடங்கியிருந்தாள். உயிர்வாயு குறைந்தால் மூளையில் எவை மூடப்படுகின்றன என்பதோடு இரண்டாம் பக்கம் முடிந்தது.

மேடையில் அதுவரை வந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி "மே..." என்று கத்தினாள். மண்டபமே சிரித்தது. நான் தாளைக் கீழே வைத்தேன். "அந்த ஆட்டுக்குட்டி இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறது" என்று சொல்லி, புனிதாவை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் இருதயத்தைப் பற்றியும் சப்பாத்துக் கயிற்றைப் பற்றியும் சொன்னேன். மண்டபம் அடங்கிவிட்டது. நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். மணி அடித்தது. முதல் பரிசு எனக்குத்தான்.

அன்று பெர்ரியில் கோப்பை என் மடியில் இருந்தது.

"மூணாவது பக்கத்த ஏன் படிக்கல?"

"மணி அடிச்சிட்டாங்க."

"நீ என் சப்பாத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தா மணி அடிக்காம என்னா செய்யும்?" கடலைப் பார்த்தபடி சொன்னாள்: "பாதி ஆட்டத்தான் சொல்லியிருக்க லா."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோப்பை நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் நூலக ஆசிரியை அவளை அழைத்தார். "நீ ரெஸ்ட் எடும்மா. இனிமே இவ பாத்துக்கட்டும்." சாவி என் கைக்கு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சக மாணவிகள் முறைவைத்து அவள் பையைத் தூக்கினார்கள். சரிவுப் பாதையில் அவள் அதன்பின் குனியவே இல்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, எல்லோரும் பார்க்க நின்றாள். பள்ளிச் சோதனை எழுதி முடித்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சு முழுவதும் புனிதா எழுதியது என்று இன்று நூலக ஆசிரியையிடம் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். மூன்றாம் பக்கம் இத்தனை நாளும் என் பையில்தான் இருந்தது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"காற்று குறைந்த இடத்தில் அந்த மூளை சும்மா இருப்பதில்லை. சில ஏடுகளை மூடும்போதே வேறு சிலவற்றை முன்பைவிட அதிகமாக வாசிக்கிறது. இதில் எது நன்மை, எது கெடுதல் என்று இன்னும் முழுதாகத் தெரியவில்லை. ஆகவே அந்தக் குட்டியைப் பார்த்து யாரும் அவசரப்பட்டுப் பாவம் என்று சொல்லவேண்டாம். அது வேலையாக இருக்கிறது."

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கையெழுத்துதான். இதை நகலெடுத்து நூலக அறிவிப்புப் பலகையில் குத்தியிருக்கிறேன். மணி ஐந்தாகிவிட்டது. பின்வரிசையிலிருந்து தொடங்கினேன். வாசிப்பு மேசையில் யாரும் இல்லை. இருந்தும் கடைசி விளக்கின் அருகே, ஒருவர் ஒரு வரியைப் படித்து முடிக்கும் நேரம் நின்றேன். பிறகு அதையும் அணைத்துவிட்டேன்.