வழிமொழிய ஆளில்லாத பாட்டு

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் கார்ப்பரேஷன் பஸ் ஓட்டிய லெஸ் ப்ளெங்கினைப் பற்றிப் பயணிகளிடம் விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ஆள் தங்கம். இரண்டு, சிக்னலில் வண்டி நின்றால் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட ஆரம்பித்துவிடுவான். பச்சை விழுந்தது தெரியாது. பின்னாலிருந்து யாராவது, "லெஸ்ஸு, கச்சேரி முடிஞ்சிருந்தா கெளம்பலாமா?" என்று குரல் கொடுக்க வேண்டும். காது சிவக்கும், வண்டி நகரும். முப்பத்துநாலு வயதில் அப்படியொரு வாயில்லாப் பூச்சி.

அப்பேர்ப்பட்டவன் டிரம்ஸ் வாசிக்கப் போய்ச் சேர்ந்தது நாளெல்லாம் பேசுகிறவர்கள் கூட்டத்தில். ராக் குழுதான், ஆனால் அரசியல் ராக் குழு. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு வேலை இல்லை, சிலருக்கு இரண்டும் இருந்தது. பேஸ் கிதார் வாசித்த ட்ரெவர் அந்த மூன்றாவது வகை. லெஸ்ஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பாடுகிற ரோஸலிண்ட் தெற்கிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தவள். கிதார் வாசித்த மால்கம் நூலகத்தில் வேலை பார்த்தான். குழுவின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவதும் அவன்தான். ஆமாம், ராக் குழுவுக்கு நடவடிக்கைக் குறிப்பு.

குழுவின் பெயர் 'அவசரப் பொதுக்கூட்டம்'. முதல் கச்சேரிக்கு அந்தப் பெயரைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு, பஸ் நிழற்குடை ஒழுகுவதைப் பற்றிப் புகார் சொல்ல ஓய்வூதியக்காரர்கள் ஐந்து பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பாட்டு பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து, "எங்க விஷயம் எப்பம்மா எடுப்பீங்க?" என்று கேட்டார். ரோஸலிண்ட் பாட்டை நிறுத்தி அவருக்குப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கினாள். அன்றைக்கு அதிகம் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

குழுவில் எல்லோரும் சமம். தலைவர் என்று ஒருவர் கிடையாது; வாரத்துக்கு ஒருவர் தலைமை வகிப்பார். எதுவானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகு ஓட்டு. வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே செத்தது. தொழிற்சங்கத்தில் பிறந்து வளர்ந்த ஊர் அது. இந்த விதியைக் குழந்தைகூடக் கேள்வி கேட்காது.

முதல் இசைத்தட்டுக்குப் பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கவே பதினாலு கூட்டம் நடந்தது. பதினாலிலும் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்று மால்கம் அறிவித்து எல்லோரும் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது லெஸ் தொண்டையைச் செருமுவான்.

"எங்கிட்டயும் ஒரு பாட்டு இருக்கு."

"எதைப் பத்தி, தோழர் லெஸ்?" என்பாள் ரோஸலிண்ட்.

"அது... கிளெண்டாவைப் பத்தி."

"டேய், காதல் பாட்டாடா?" என்று ட்ரெவர் பாதி போட்ட கோட்டோடு திரும்புவான். "நாடே பத்தி எரியுது, நீ காதல் பாட்டா போடறே?"

"வழிமொழியறவங்க யாராவது?" என்பான் மால்கம், மரியாதைக்கு. யாரும் இல்லை. 'திரு. ப்ளெங்கின் தம் பாட்டைப் பற்றிக் கூறினார். வழிமொழிவார் இல்லை. கூட்டம் முடிந்தது.' பதினாலு கூட்டத்துக் குறிப்பும் இந்த மூன்று வரியில்தான் முடியும்.

கிளெண்டா ஆக்ஸ்டோபி, ஹெஸல் ரோட்டில் ஒரு மீன் ஷெட்டில் மீன் அறுப்பவள். முந்நூறு பெண்கள் வேலை செய்த அந்த ஷெட்டில் சங்கப் பிரதிநிதியும் அவளே. கத்தி அதிகக் கூர்மையா நாக்கு அதிகக் கூர்மையா என்று மேலாளருக்கே சந்தேகம் உண்டு. நாலு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அவளும் லெஸ்ஸும் ஒரே பொட்டலத்தில் மீனும் சிப்ஸும் சாப்பிட்டார்கள். பேசுவது அவள், வினிகர் ஊற்றுவது அவன். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

அந்தப் பதினாலு கூட்டமும் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் அபர்டீனிலிருந்து கிளெண்டாவின் அக்கா கடிதம் போட்டாள். அங்கே கோடையில் ஒரு மேற்பார்வையாளர் வேலை காலியாகிறது, மே மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகவா லெஸ்? என்ன சொல்றே?" என்று கேட்டு, சிப்ஸைக் கூட எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள் கிளெண்டா.

லெஸ் சிப்ஸுக்கு இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றினான். "அங்க குளிர் ஜாஸ்தி," என்றான்.

நாலு வருஷப் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அது. அன்று ராத்திரி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பாட்டு. வாயால் சொல்ல வராதது இசைத்தட்டில் வந்துவிட்டால் போதும், அவள் கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும் என்று நினைத்தான். அவன் கணக்கில் அவனுக்கு வேறு வழி கிடையாது.

மார்ச் மாதம் ஒலிப்பதிவு. கம்பளக் கடைக்கு மாடியில் ஒரு சின்னக் கூடம். ஒலிப்பதிவு செய்த பெர்ட் முப்பது வருஷம் நடனக் குழுக்களைப் பதிவு செய்து பழகிய மனிதர். முதல் நாளே நொந்துபோனார்.

"பாடற குரல் கொஞ்சம் தூக்கலா கேக்க வேணாமாம்மா?" என்றார் ரோஸலிண்டிடம்.

"குரல் டிரம்ஸைவிட உசந்ததுன்னு யார் சொன்னது? நாலும் ஒரே அளவு இருக்கணும். தீர்மானம் போட்டிருக்கோம்."

"அப்ப பாட்டு புரியாதேம்மா."

"புரியும் தோழரே. உள்ள ஒரு தாள் அச்சடிச்சு வைக்கிறோம்."

ஒன்பது பாட்டு அப்படியே பதிவாயின, நாலு பேரும் சரிசமமாக இரைய. பத்தாவது பாட்டுதான் அவர்கள் பெருமை: 'ஏழு நிமிஷம்'. கிளெண்டாவின் ஷெட்டில் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை ஃபோர்மன் வைத்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம் என்று கணக்குப் போட்ட அக்கிரமத்தைப் பற்றியது. அதைப் பாடும்போது ரோஸலிண்டுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். அது நிஜமான கோபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி நாள் காலை கிளெண்டா மீன் செதில் ஒட்டிய பூட்ஸோடு மாடியேறி வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்!" என்றாள். "மேலாளர் பூட்டை எடுத்துட்டான். கையெழுத்தும் போட்டுட்டான்."

நாலு பேரும் குதித்தார்கள். ட்ரெவர் பெர்ட்டைக் கட்டிப்பிடித்தான்.

"ஒரு விஷயம். இனிமே கம்பெனியும் சங்கமும் ஒருத்தரையொருத்தர் வெளியில தாக்கிப் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து. அதனால அந்தப் பாட்டு வேணாம்."

குதித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"அது எங்க சிறந்த பாட்டுங்க," என்றாள் ரோஸலிண்ட், அழாக்குறையாக.

"பாட்டு போனா என்ன? கழிப்பறை கெடைச்சுதில்ல?" என்று சொல்லிவிட்டு கிளெண்டா வேலைக்குத் திரும்பினாள். போராட்டம் ஜெயித்ததற்காக முகம் தொங்கிப்போன புரட்சிக்காரர்களை அந்தக் கம்பளக் கடை அன்றுதான் பார்த்தது.

இரண்டாம் பக்கத்தில் மூன்று நிமிஷப் பள்ளம். கையில் மிச்சம் இரண்டு மணி நேரம். உடனே கூட்டம் கூடியது. நிகழ்ச்சி நிரலில் இருந்ததே ஒரு விஷயம்தான். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். லெஸ் தொண்டையைச் செருமினான்.

"சரி," என்று பெருமூச்சு விட்டாள் ரோஸலிண்ட். "நான் வழிமொழியறேன். திருத்தங்களோட."

லெஸ்ஸின் பாட்டில் முக்கியமான இடம் இது: 'மீன் வாசம் போகாத உன் கையைப் பிடித்து, சனிக்கிழமை மோதிரக் கடைக்குக் கூட்டிப்போகவா, கிளெண்டா?'

"ஒருத்தர் பேரைச் சொன்னா அது தனிநபர் வழிபாடு," என்றாள் ரோஸலிண்ட். "ஹெஸல் ரோட்டுத் தோழிகளேன்னு போடலாம்."

"மோதிரம்கிறதே சொத்துரிமைடா," என்றான் ட்ரெவர். "சங்க ஆபீஸ்னு மாத்து."

"சனிக்கிழமை லீவு ஏற்கெனவே போராடி வாங்கினது," என்றான் மால்கம். "மே தினம் இன்னும் பொருத்தமா இருக்கும்."

மூன்று திருத்தமும் மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறின. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, லெஸ் எழுதிய அந்த வரியில் மீன் வாசமும் 'கூட்டிப்போகவா'வும் மட்டும் மிஞ்சின. ஒருத்தியிடம் கேட்க வாயில்லாதவன், முந்நூறு பெண்களைச் சங்க ஆபீசுக்கு அழைக்கும்படி ஆயிற்று. காதல் பாட்டைப் பாட மற்ற மூவரும் மறுத்ததால் டிரம்ஸ் அடித்தபடி அவனே பாடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெர்ட், யாருக்கும் தெரியாமல், அவன் குரலுக்கான பொத்தானை மட்டும் அரை விரல் மேலே தள்ளினார். அந்த இசைத்தட்டிலேயே சமத்துவம் மீறிய இடம் அது ஒன்றுதான்.

இசைத்தட்டு கைக்கு வந்தபோது மே மாதத்தில் இரண்டு நாள் மிச்சம். லெஸ் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளெண்டா வீட்டுக்குப் போனான். அபர்டீன் கடிதம் அடுப்பு மாடத்தில் கடிகாரத்தில் சாய்ந்து நின்றது. கீழே தரையில் ஒரு புதுப் பயணப் பெட்டி.

"இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு," என்றான்.

கிளெண்டா கேட்டாள். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்து, காதை ஒலிபெருக்கியோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சங்க ஆபீசுக்கு நான் தினம் போறேனே லெஸ். நீ எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

"அது... திருத்தம். மூணு திருத்தம் பண்ணிட்டாங்க."

"அப்படியா. மூலத் தீர்மானம் என்ன?"

லெஸ் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"தாள்ல கொடுத்தா செல்லாது. முன்மொழியறவரு எழுந்து நின்னு வாயால சொல்லணும். விதி உனக்குத் தெரியாதா?"

லெஸ் எழுந்து நின்றான். தாளைப் பிரித்தான். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டான். காது கழுத்து எல்லாம் சிவந்தது.

"மோதிரக் கடைக்கு," என்றான். "சனிக்கிழமை. நீயும் நானும். உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியாது கிளெண்டா. போகாதே."

அவ்வளவுதான். அவன் வாழ்நாளிலேயே ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அது. பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது கோட்டை மாட்டிக்கொள்கிறார்களா என்று.

கிளெண்டா மீன் வாசம் போகாத கையை மெல்ல உயர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வழிமொழியறேன்," என்றாள். "திருத்தம் எதுவும் இல்லாம."

பிறகு அடுப்பு மாடத்திலிருந்து கடிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்திலேயே அக்காவுக்குப் பதில் எழுதினாள். 'நான் வரவில்லை. அங்கே குளிர் ஜாஸ்தியாம்.'