கத்திரி வெயிலில் ஒரு ரெயின்கோட்

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் ஒரு துரோகம் செய்தேன். சாப்பாட்டுத் துரோகம்!

கும்மிடிப்பூண்டிக்கு வேலையாகப் போனால் எனக்கு மதியச் சாப்பாடு எப்போதும் மஞ்சள் போர்டு ஓட்டலில்தான். ஏழெட்டு ஊர்களில் கிளை வைத்திருக்கிறார்கள். தொழிற்பேட்டைக் கிளையின் மேனேஜர் பாஸ்கர், நான் உட்காரும்போதே இரண்டு அப்பளம் வைக்கச் சொல்லிவிடுவார். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சில மாதங்களாகச் சரியில்லை. சென்னை ஹெட் ஆபீஸுக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்திருக்கிறார். நிறையப் படித்தவர். அவர் உத்தரவுப்படி சர்வர்கள் ஒவ்வொரு மேஜையிலும், "உங்கள் சுவைப் பயணத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்" என்று ஒப்பிக்க வேண்டும். ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளி ஒருவர் ஒருமுறை கடுப்பாகிவிட்டார்.

"பயணம்லாம் வோணாம்பா... பஸ்ல நின்னுக்கினே வந்துக்கீறேன். சீக்கிரம் சோத்தப் போடு!"

கூட்டம் மெல்ல மெல்ல ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே பச்சை போர்டு ஓட்டல். அதற்கும் ஏழெட்டுக் கிளைகள். முதலாளி மேரி அக்கா, தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு கேன்டீன் நடத்தி மேலே வந்தவர். வாசலில் பைக் நிறுத்த இடம் இருக்காது.

அன்றைக்கு எனக்கு அகோரப் பசி. சுவைப் பயணம் போகிற தெம்பு இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பச்சை போர்டுக்குள் நுழைந்தேன்.

தூண் மறைவில் ஒரு நாற்காலிதான் காலி. எதிரே ஒருவர் ரெயின்கோட் போட்டுக்கொண்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்துவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்திரி வெயிலில் ரெயின்கோட்! வேர்வை சொட்டச் சொட்ட நிமிர்ந்தார்.

பாஸ்கர்.

"சார்... நீங்க இன்னா இங்க?"

"அதை நான் கேக்கணும்!"

"உள்ள மஞ்ச யூனிஃபார்ம் சார்... அதான் கோட்டு." குரலைத் தாழ்த்தினார். "ஸ்டாஃப் சாப்பாட்ட நிறுத்திட்டாரு சார், புது தலைவரு. ஊட்லேந்து கட்டிக்கினு வரணுமாம். பொன்னேரிலேந்து விடிகாலைல ட்ரெய்ன் புடிக்கிறவன் எப்ப சார் சமைப்பான்? பேஜாராக்கீது. ஒவ்வொருத்தரா இங்க வந்து துன்னுட்டுப் போறோம். இருக்கறது ஒரே கோட்டு... மாத்தி மாத்திப் போட்டுக்குறோம்."

"இங்கே மட்டும் எப்படி இவ்வளவு கூட்டம்?"

"இங்க மேரி அக்கா சட்டம் வேற சார். காலைல பதினோரு மணிக்கு ஸ்டாஃப் மொதல்ல சாப்புடணும். அவங்க தட்டுல ஒதுக்கி வெச்ச அயிட்டம் கஸ்டமருக்குப் போவாது. இன்னிக்குக் கூட்டு இல்ல, பாத்தீங்களா? உப்பு ஜாஸ்தின்னு அப்பவே தள்ளிட்டாங்க."

அதோடு இன்னொன்றும் சொன்னார். "நாலு மணிக்குத் தலைவரு சர்ப்ரைஸ் விசிட் சார். மெயில் வந்துக்கீது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கிளைய மூடறதா, வேணாமான்னு இன்னிக்கு முடிவு பண்றாரு. பன்னெண்டு பேரு சார் நாங்க. இந்த வயசுல எனக்கு எவன் வேல குடுப்பான்?"

எனக்கு வந்த சாப்பாட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கோட்டு சூட்டு போட்ட ஒருவர் வந்து, எங்களுக்கு முதுகு காட்டி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். எதிரே இருந்த மஞ்சள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ குறிப்பு எழுதினார். ரசத்தை மூன்று முறை வாங்கினார். பிறகு செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார்.

எங்கள் மேஜையில் பாஸ்கரின் போன் அலறியது.

திரையில் தலைவர் பெயர். பாஸ்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்தார். "சொல்லுங்க சார்... கடைலதான் சார் கீறேன்... நல்ல கூட்டம் சார்... எல்லாரும் திருப்தியா சாப்புடுறாங்க சார்..."

அத்தனையும் உண்மை. கடை மட்டும்தான் வேறு!

கோட்டு சூட்டுக்காரருக்கு ஒரு காதில் போன், மறு காதில் நேரடி ஒலிபரப்பு. தலைவர் மெதுவாகத் திரும்பினார்.

"மிஸ்டர் பாஸ்கர்... இங்கே என்ன பண்றீங்க?"

பாஸ்கர் எழுந்தார். என்ன தோன்றியதோ, ஜிப்பைக் கீழே இறக்கினார். மஞ்சள் யூனிஃபார்ம், வேர்வையில் தொப்பலாக. "சாப்புடுறேன் சார். நம்ம கடைல நமக்குச் சாப்பாடு கெடையாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? பசியோட நின்னுக்கினு, வர்றவங்களுக்கு எப்புடி சார் சிரிச்ச மூஞ்சியா பரிமார்றது?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கையில் சோறு.

அதற்குள் ரசவாளியுடன் சர்வர் அம்மா தலைவர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா நைனா?"

தலைவர் பாஸ்கரைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். டம்ளரை நீட்டினார்.

கிளை தப்பித்துவிட்டது. மஞ்சள் போர்டிலும் இப்போது காலை பதினோரு மணிக்கு ஸ்டாஃப் சாப்பாடு. பாஸ்கர் முகத்தில் பழைய களை. எனக்குப் பழையபடி இரண்டு அப்பளம். மேலே இருப்பவர் ஒருநாள் கீழே வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், பாதி வியாதி குணமாகிவிடுகிறது.

மீதிப் பாதி? ஸ்டாஃப் சாப்பிடும் முன் பன்னிரண்டு கேள்விகளுக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டுமாம். நிரப்பி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடுகிறதாம்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். பச்சை போர்டு ஓட்டலில், அதே தூண் மறைவில், கழுத்து வரை ஜிப் போட்ட அதே ரெயின்கோட். பதறிப்போய் எட்டிப் பார்த்தேன்.

இந்தத் தடவை உள்ளே இருந்தது தலைவர்!