வழிவிடச் சொன்ன மரகதம் அக்கா

கராம்பை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தபோது மரகதம் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க, கிளாக்கரய்யா." பிறகு அவள் சொன்னது எதுவும் நினைவில்லை. விரல்களில் ஒட்டிய கிராம்பு வாசனை மட்டும் ஏதோ கனவிலிருந்து வருவதுபோல இருந்தது.

யட்டவத்தைப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் நான். அக்கா அங்கே பிள்ளைக் காம்பராவில் தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். பனி இறங்கிய காலைகளில் ஆள் தெரியாது, அவருடைய தாலாட்டு மட்டும் மிதந்து வரும்.

எங்கள் துரை நல்லவர். தீபாவளிக்குச் சேலை கொடுப்பார், நோயாளிக்கு ஜீப் அனுப்புவார். ஆனால் மிளகு களவு போகும் என்று தோட்டத்தின் கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். வெளி வண்டி உள்ளே வர அவர் அனுமதி வேண்டும்.

ஒரு காலை, மிளகு பறிக்கும் செல்விக்குப் பிரசவ வலி கண்டது. கணவன் பிடித்துவந்த ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. சாவி என் சட்டைப்பையில். நானோ, "தொரைகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன்" என்று பங்களாவுக்கு ஓடினேன். அவர் பதறிப்போய்த் தன் ஜீப்பையே அனுப்பினார். ஜீப்பில் நான் வந்து சேர்ந்தபோது, கேட்டுக்குப் போகும் பாதையோரப் புல்லில், அக்காவின் கைகளில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மறுநாள் அக்கா பங்களாவுக்கு வந்தார்.

"ஜீப் அனுப்புனதுக்குக் கும்பிடுறேங்க தொரை. இனி அது வேணாம். கேட்டைத் தொறந்து விடுங்க, நாங்களே வண்டி பிடிச்சிக்கிறோம்."

துரையின் முகம் வாடியது. "ஒங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்?"

"ஒரு கொறையும் இல்லீங்க. ஒதவி செய்றது ஒங்க மனசு. அது எங்க உரிமையில்ல. வழிய மறிக்காதீங்கனு சொல்றதுதான் எங்க உரிமை. ஒங்க மிளகுல கை வைக்காம இருக்கிறது எங்க பொறுப்பு."

கேட் திறந்தது. அடுத்த அறுவடையில் ஒரு மூட்டை மிளகு காணாமல் போனது. எடுத்தது தன் தம்பி என்று தெரிந்ததும், அக்கா பட்டப்பகலில் அவரை மூட்டையோடு பங்களாவுக்கு அழைத்துப் போனார். தம்பி அதன்பின் அக்காவோடு பேசவேயில்லை. "வலிக்குது கிளாக்கரய்யா. ஆனா சொன்னது நானாச்சே" என்றார் அக்கா.

சாவியை வைத்துக்கொண்டு ஏன் ஓடினேன் என்று என்னை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அடக்கத்தன்று மலைகள் தூறலில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தன. யாரும் அழைக்காமலே துரை தடியூன்றி நடந்து வந்தார். தொழிலாளரோடு பெஞ்சில் அமர்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் மகளிடம் தயங்கித் தயங்கி, "நானும் கூட நடக்கலாமா?" என்றார்.

"வாங்க தொரை" என்றாள் அவள். எல்லோரும் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

நிம்மதியாகப் போங்கள், அக்கா. பின்னாலேயே நடந்து வருகிறோம்.